மழலை மொழியாகும் வரலாறு

மதுரை தல்லாகுளத்தில் பெருமாள் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில், இரண்டரை வயதுக் குழந்தை வாசற்படியில் நின்றுகொண்டு, "அங்கிட்டு பூனை வந்துச்சு, மாமா வந்தாங்க" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் என்ன வியப்பு என்று கேட்பீர்கள். சற்று நிதானித்துப் பாருங்கள். 'வா' என்னும் வினையை அக்குழந்தை இறந்தகாலத்தில் வைத்திருக்கிறது. பூனைக்கு 'வந்துச்சு' என்றும், மரியாதைக்குரிய மாமாவுக்கு 'வந்தாங்க' என்றும் முடிவை மாற்றியிருக்கிறது. திணை, எண், இடம், காலம் என்று பல ஆண்டுகள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யப்போகும் இலக்கணத்தை அது இப்போதே கையாளுகிறது. எழுத்து அறியாத, பல்கூட முழுதும் முளைக்காத அந்தக் குழந்தைக்கு இதைக் கற்பித்தவர் யார்?

இக்கேள்வி மிகப் பழையது. இதற்கு விடை தேடியவர்களின் வரலாற்றில் மதுரைக்கும், பழைய மதுரை மாவட்டத்து மலையூர் ஒன்றுக்கும், நம் தமிழ்மொழிக்கும் இடமுண்டு. அவ்வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம். இது வெறும் கதையன்று. ஒரு குழந்தை பேசுமா பேசாதா என்பதே சில வேளைகளில் இந்த அறிவைப் பொறுத்திருக்கிறது.

பேச்சில்லாத மாளிகை

பண்டைய எகிப்து மன்னன் சாமடிக்கஸ், பிறந்த குழந்தைகள் இருவரை ஓர் ஆட்டிடையனிடம் ஒப்படைத்து, அவர்கள் முன்னால் யாரும் ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று ஆணையிட்டானாம். உலகின் முதல் மொழி எது என்று அறிவது அவன் நோக்கம். குழந்தைகள் 'பெக்கோஸ்' என்று ஒலித்தன என்றும், அது பிரிஜிய மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹிரோடோட்டஸ் எழுதிவைத்தார். ஆட்டின் கத்தலையே குழந்தைகள் திருப்பிச் சொல்லியிருக்கலாம் என்று பின்வந்தோர் நகைத்தனர்.

நம் நாட்டிலும் இத்தகைய சோதனை நடந்தது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேரரசர் அக்பர், தனி மாளிகை ஒன்றில் கைக்குழந்தைகளை வைத்து, வாய் திறக்காத தாதியரைக் கொண்டு வளர்க்கச் செய்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் சென்று பார்த்தபோது அக்குழந்தைகளிடம் பேச்சே இல்லை. மக்கள் அதை ஊமையர் மாளிகை என்று அழைத்தனர். இக்கொடுமையான சோதனையை இன்று எவரும் செய்யத் துணியார். ஆனால் அது ஒன்றை ஐயமின்றிக் காட்டியது: பேசுவதற்கான ஆற்றலோடு குழந்தை பிறக்கலாம், மொழியோடு பிறப்பதில்லை. மொழி மற்றவரிடமிருந்துதான் வரவேண்டும்.

மாதக் கணக்கு அறிந்த புலவர்கள்

குழந்தையின் வளர்ச்சியை உற்று நோக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒரு பருவம் வருகிறது. 'கீர்' என்பதற்குச் சொல் என்று பொருள் கொண்டு, குழந்தை மழலை ஒலிகளை எழுப்பத் தொடங்கும் பருவமே செங்கீரை என்று விளக்குவோரும் உண்டு. 'தால்' என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. இன்றைய ஆய்வுகளும், ஐந்து மாதம் முதல் பத்து மாதத்திற்குள்தான் 'பா பா பா', 'தா தா தா' என்னும் அடுக்கொலிகள் தோன்றுகின்றன என்று கூறுகின்றன.

இவ்வகை நூல்களுள் புகழ்பெற்றது, 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் இயற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் அது அரங்கேறியது என்பது மரபு. அப்புலவரைப் பற்றி இன்னொரு மரபுச் செய்தியும் உண்டு. ஐந்து வயது வரை அவர் பேசவே இல்லை. பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சந்நிதிக்குக் கொண்டுசென்ற பின்னரே வாய் திறந்தார் என்பர். இக்கதையை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்புவோம்.

ஒரு தந்தையின் நாட்குறிப்பு

விஞ்ஞான முறையில் குழந்தைப் பேச்சைப் பதிவு செய்த முன்னோடிகளுள் ஒருவர், பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வின். 1839-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்த தம் மூத்த மகனை நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதினார். அக்குறிப்புகளைச் சுருக்கி 1877-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயதில், உணவுக்கு 'மம்' என்று ஒரு சொல்லைக் குழந்தை தானாகவே ஆக்கிக்கொண்டது என்கிறார் அவர். பசித்தால் அழுவதற்குப் பதிலாக அச்சொல்லைச் சொல்லிற்று. சொல்லின் முடிவில் கேட்கும் தொனியும் இருந்ததாம்.

நம் வீடுகளில் குழந்தைச் சோற்றுக்கு 'மம்மு' என்று பெயர். இங்கிலாந்துக் குழந்தையின் 'மம்' என்ற சொல்லும் நம் 'மம்மு'வும் ஒத்திருப்பதற்குக் காரணம் எளிது. உதடுகளை மூடிக்கொண்டு குரலை மூக்கு வழியே விட்டால் 'ம்' பிறக்கிறது. பல் வேண்டா, நாவின் நுட்ப அசைவும் வேண்டா. மகரமும் பகரமும் குழந்தைக்கு முதலில் கைவருவதால்தான் அம்மா, அப்பா, மாமா, பாப்பா எல்லாம் உதட்டொலிகளால் அமைந்திருக்கின்றன.

கோடைக்கானலில் ஒரு முதியவர்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கி உலகப் புகழ் பெற்ற இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பின் பேரில் 1939 நவம்பரில் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியப் பயிற்சி வகுப்பு நடந்தது. சில மாதங்களே தங்குவதாக வந்தவரை உலகப் போர் பிடித்து நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும், அவர் பிரிட்டிஷ் அரசின் பார்வையில் பகைநாட்டவர் ஆனார். உடன் வந்த மகன் மாரியோ தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, தாயின் 70-ஆம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் 1944 வரை மாண்டிசோரி தங்கியிருந்த ஊர் கோடைக்கானல். அந்நாளில் அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985-இல்தான் திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. அங்கே பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். பள்ளிப் பருவத்துக் கல்வியைப் பற்றி எழுதிவந்த அவருடைய சிந்தனை, இந்தியாவில் இருந்த ஆண்டுகளில் பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான பருவத்தின்பால் மேலும் ஆழமாகத் திரும்பியது. அதன் விளைவாக எழுந்த 'உள்வாங்கும் மனம்' என்று பொருள்படும் நூல், 1949-இல் அடையாற்றில்தான் முதலில் அச்சாயிற்று.

அந்நூலின் நடுநாயகமான எடுத்துக்காட்டு மொழியே. பெரியவர்கள் ஒரு மொழியை முயன்று கற்று நினைவில் வைக்கிறார்கள். குழந்தையோ சுற்றியுள்ள மொழியைத் தன்னுள் ஈர்த்துத் தன் உடலின் பகுதியாகவே ஆக்கிக்கொள்கிறது என்பது அவர் கருத்து. ஒவ்வொரு திறனுக்கும் குறிப்பிட்ட காலத்தில் உயிருக்கு ஒரு தனி வேட்கை எழுகிறது என்னும் கருத்தை அவர் டச்சு உயிரியலார் ஹியூகோ டி வீரிஸிடமிருந்து எடுத்துக்கொண்டார். தாயின் இடுப்பில் அமர்ந்து சந்தைக்கும் அண்டை வீட்டுக்கும் செல்லும் குழந்தை, பெரியவர்களின் உரையாடலுக்கு நடுவிலேயே வளர்வதை அவர் போற்றினார். தனியறைத் தொட்டிலில் அமைதியாகக் கிடத்தப்படும் குழந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை என்று வருந்தினார்.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். மாண்டிசோரியிடம் இருந்தது கூர்ந்த பார்வை, அளவீடு இல்லை. குழந்தையின் மனத்தில் நடப்பதை அளக்கும் கருவி அன்று எவரிடமும் இல்லை. அது வருவதற்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ரப்பர் காம்பும் வினாடியின் சிறு கூறும்

பேசத் தெரியாத குழந்தையிடம் "இவ்விரண்டு ஒலிகளும் வேறுவேறாகக் கேட்கின்றனவா?" என்று எப்படிக் கேட்பது? 1971-இல் அமெரிக்காவில் பீட்டர் ஐமாஸும் அவருடைய தோழர்களும் அழகான வழி கண்டனர். குழந்தையின் வாயில் ரப்பர் காம்பு ஒன்றை வைத்து, அது சப்பும் வேகத்தை மின்கருவியால் பதிவு செய்தனர். சப்பினால் ஓர் ஒலி கேட்கும். புதிய ஒலியில் ஆர்வம் கொண்டு குழந்தை விரைவாகச் சப்பும்; அதே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் சலித்துப்போய் வேகம் குறையும். அப்போது ஒலியை மாற்றினால், வேறுபாட்டை உணர்ந்த குழந்தை மீண்டும் வேகமாகச் சப்பத் தொடங்கும்.

அவர்கள் எடுத்துக்கொண்டது 'பந்து' என்பதன் முதலொலி போன்ற அதிரும் பகரத்தையும், 'பல்' என்பதன் முதலொலி போன்ற அதிராத பகரத்தையும். உதடு திறந்ததற்கும் குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடையேயுள்ள கால வேறுபாடே இவ்விரண்டையும் பிரிக்கிறது. அது ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பத்துக் கூறுகளே. ஒரு மாதக் குழந்தையே அந்த நுண்ணிய வேறுபாட்டைப் பிரித்தறிந்தது!

1980-இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும், பிறந்து மூன்று நாள் ஆகாத சிசுக்கள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே விரும்புகின்றன என்று காட்டினர். இது எவ்வாறு? கல்யாண மண்டபத்துக்கு வெளியே சுவரோரம் நின்றால் தவிலின் முழக்கம் கேட்கும். உள்ளே பேசுவோரின் சொற்கள் தெளிவாகா. உயர் அதிர்வெண் ஒலிகளைச் சுவர் தடுத்துவிடுகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் நிலையும் அதுவே. சொற்கள் எட்டாவிடினும், தாயின் குரலின் ஏற்ற இறக்கம் கடைசி மாதங்களில் அதன் செவிக்கு எட்டிவிடுகிறது.

தகரமும் டகரமும்

நமக்கு மிக நெருக்கமான சோதனை 1984-இல் வெளியாயிற்று. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், இந்தியிலுள்ள இரண்டு ஒலிகளை எடுத்துக்கொண்டனர்: நாக்கு பல்லைத் தொடும் தகரம், நாக்கு மேல்நோக்கி வளையும் டகரம். 'பத்து', 'பட்டு' என்று நாம் எளிதாகப் பிரிக்கும் ஒலிகளே இவை. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கின்றன. ஆனால் ஆங்கிலக் குடும்பங்களில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவை அவற்றைப் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அத்திறன் பெரிதும் மறைந்துவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடமோ அது நிலைத்து நின்றது.

இதன் பொருள் என்ன? எந்த நாட்டில் பிறந்தாலும் குழந்தை உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் செவியைத் திறந்துவைத்திருக்கிறது. முதல் ஆண்டு முடிவதற்குள், தன்னைச் சுற்றி ஒலிக்கும் மொழிக்கு ஏற்பச் செவியைச் செப்பனிட்டுக்கொள்கிறது. முதற்சொல் பிறப்பதற்கு முன்பே இவ்வேலை பெருமளவு முடிந்துவிடுகிறது. 'குழந்தைக்கு இன்னும் பேச்சே வரவில்லை. அதனோடு என்ன பேசுவது?' என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்று இப்போது விளங்கும்.

கணிப்பொறி விஞ்ஞானியும் தமிழ்க் குழந்தையும்

சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டிஃப்ராக் என்னும் தொடக்ககால இந்தியக் கணிப்பொறியை வடிவமைத்த குழுவின் தலைவர். அது 1960-இல் இயங்கத் தொடங்கியது. இயந்திரத்தைச் சிந்திக்க வைக்க முடியுமா என்று ஆராய்ந்த அவர், அதற்கு முன் குழந்தை எவ்வாறு மொழியைப் பெறுகிறது என்று அறியவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1981-இல் மொழி நடத்தை பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். ஆர். வைத்தியநாதனுடன் இணைந்து, தமிழ்க் குழந்தை பெற்றோருடன் நிகழ்த்திய உரையாடல்களை மாதக்கணக்கில் பதிவு செய்தார். அப்பதிவுகள் இன்று உலகக் குழந்தைமொழித் தரவு வங்கியில் இடம்பெற்றுள்ளன. தமிழ்க் குழந்தைகள் வினா எழுப்பக் கற்கும் முறையைப் பற்றி 1988-இலும், மறுப்புச் சொற்களைக் கற்கும் முறையைப் பற்றி 1991-இலும் வைத்தியநாதன் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார்.

மறுப்பை ஏன் ஆராயவேண்டும் என்று கேட்கலாம். ஆங்கிலக் குழந்தை 'நோ' என்னும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பல வேலைகளைச் செய்கிறது. தமிழ்க் குழந்தையோ, பால் தீர்ந்துபோனால் 'இல்லை' என்றும், பாலை மறுத்தால் 'வேண்டாம்' என்றும், அழைத்தால் வர மறுத்து 'மாட்டேன்' என்றும், 'முடியாது', 'கூடாது', 'தெரியாது' என்றும் இடத்துக்கேற்ற சொல்லைத் தேர்ந்தாகவேண்டும். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு சூழலில், ஒருவரோடு ஒருவர் இழுபறி செய்யும்போதுதான் படிகிறது. தட்டை நகர்த்தி "வேணாமா? சரி, வேணாம்" என்று தாய் சொல்லும் பதிலே அங்கே பாடம்.

இரண்டு ஐயங்கள்

முதலாவது: வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்றால் குழந்தை குழம்பாதா? மதுரையில் இருந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்பதே விந்தை. நூற்றாண்டுகளாக இந்நகரில் வாழும் சௌராஷ்டிரக் குடும்பங்களில் குழந்தை வீட்டில் சௌராஷ்டிர மொழியையும் தெருவில் தமிழையும் ஒருங்கே பேசி வளர்கிறது. ஒன்று இந்தோ-ஆரிய மொழி, மற்றொன்று திராவிட மொழி. இரண்டும் ஒரே நாவில் தங்குகின்றன. 1962-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் பீல், லாம்பர்ட் என்போர் செய்த ஆய்வும், இருமொழிச் சிறுவர்கள் அறிவுத்திறனில் பின்தங்கவில்லை என்று காட்டிற்று. எனவே அஞ்சவேண்டியது இரண்டு மொழிகளைக் கண்டன்று. பெற்றோர் தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் நாலைந்து கட்டளைகளை மட்டும் சொல்லி, கதையும் கேலியும் கொஞ்சலும் நிறைந்த தம் தாய்மொழியைக் குழந்தையிடமிருந்து மறைப்பதே இழப்பு.

இரண்டாவது: தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓயாமல் பேசுகின்றனவே, அவை போதாவா? 2003-இல் பட்ரிசியா கூல் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்பித்தனர். நேரில் ஒருவர் அமர்ந்து, பொம்மை காட்டி, படித்துக்காட்டியபோது குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே நபரின் அதே பேச்சைப் படச்சுருளில் காட்டியபோது எதையும் கற்கவில்லை. திரையிலுள்ளவர் குழந்தையின் கண்ணைப் பார்ப்பதில்லை. அது 'ஆ' என்றால் திருப்பி 'ஆமாண்டி கண்ணு' என்பதில்லை.

காத்திருக்கக் கூடாத இடம்

இப்போது குமரகுருபரர் கதைக்கு வருவோம். "அவரே ஐந்து வயதில்தான் பேசினார், உன் பிள்ளையும் பேசுவான், பொறு" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அன்புடன் சொல்லும் இந்த ஆறுதலில் பெரும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை நிலையான செவிக்குறையுடன் பிறக்கின்றன. நெருங்கிய உறவுக்குள் நடக்கும் திருமணங்களில் இவ்வாய்ப்பு கூடுகிறது. செவி கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் 'ங்கு', 'ஆ' என்று குரல் எழுப்பும். ஆகவே ஐயம் எழுவதில்லை. அடுக்கொலி வரவேண்டிய காலத்தில் வராதபோதுதான் வேறுபாடு தெரியும். அதற்குள் செவி செப்பனிடப்படும் முதல் ஆண்டு கழிந்துவிடும். செவிக்குறையை ஆறு மாதத்துக்குள் கண்டு உதவி தொடங்கிய குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் மிக முன்னேறியிருந்ததை 1998-இல் யோஷினாகா-இடானோ குழுவினர் காட்டினர்.

நல்லவேளையாக, இயற்பியல் இங்கே கைகொடுக்கிறது. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பார், நலமான காது ஒலியைக் கேட்பதோடு, தானும் மெல்லிய ஒலியை வெளியிடுகிறது என்று கண்டுபிடித்தார். தூங்கும் சிசுவின் காதில் சிறு குழலை வைத்து 'டிக்' ஒலியை அனுப்பினால், உட்காதின் நுண்மயிர் அணுக்கள் எதிரொலி போன்ற ஒன்றைத் திருப்பி அனுப்பும். அது வராவிட்டால் மேற்கொண்டு சோதிக்கவேண்டும். சில நிமிடங்களில் முடியும், வலியில்லாத சோதனை இது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதைப் பற்றிக் கேட்கலாம். கேட்புக் கருவி, உட்காதில் பொருத்தும் மின்கருவி, சைகை மொழி என்று உதவிகள் பல உள்ளன. சைகை மொழி கண்டு வளரும் குழந்தைகள் கையாலேயே மழலை பேசுகின்றன என்பதும் 1991-இல் நிறுவப்பட்டது.

1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கப்பெற்றது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாதவர்களுக்குச் சத்துணவு கொடுத்தனர். எடை குறைந்த பின் வருந்துவதைவிட, ஏறாதபோதே கவனிப்பது என்பதே அதன் அடிப்படை. பேச்சு முளைப்பதும் அதே வயதில்தான். அதற்கும் அதே விழிப்பு வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் அடுக்கொலியோ கைகாட்டலோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் 'பாப்பா போ', 'பால் வேணும்' போன்ற இருசொல் தொடர் இல்லை என்றால், மருத்துவரிடம் காட்டுங்கள். பேசிய சொற்கள் மறைந்துபோனாலும் அவ்வாறே செய்யுங்கள்.

மற்றபடி, செலவில்லாத வேலைதான் நமக்கு உள்ளது. குளிப்பாட்டும்போது செய்வதைச் சொல்லுங்கள். குழந்தை சுட்டும் பொருளின் பெயரைக் கூறுங்கள். அது ஒலி எழுப்பினால் பதில் சொல்லிவிட்டு, அதன் முறைக்காகச் சிறிது காத்திருங்கள். 'பூனை போச்சு' என்றால், 'ஆமா, பூனை ஓடிப்போச்சு, பால் குடிச்சுட்டு ஓடிப்போச்சு' என்று நீட்டிச் சொல்லுங்கள். குரலை உயர்த்தி இழுத்துக் கொஞ்சிப் பேசுவதைக் கண்டு யாரும் நகைக்கவேண்டா. அத்தகைய பேச்சையே குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன என்று 1985-இல் ஆன் ஃபெர்னால்ட் காட்டியுள்ளார்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால், நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, குழந்தையின் வயது, எழுப்பிய ஒலி, யாரைப் பார்த்து எழுப்பியது, அவர் என்ன பதில் சொன்னார் என்று ஐந்து கட்டங்கள் போடுங்கள். முதல் 'இல்லை' எப்போது வந்தது, முதல் 'வேண்டாம்' எப்போது வந்தது என்று குறித்துவையுங்கள். ஓராண்டு முடிவில் அந்நோட்டைப் பெற்றோரிடம் கொடுங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு அதில் விடை இருக்கும்.